ஆறு வினாடி மணி

ஜித்ரா,
8.1.1989

அன்புள்ள அகத்தா அக்காவுக்கு,

மரியே வாழ்க. நீயும் அத்தானும் சுகமாக இருப்பதாக வால்டர் சொன்னான். இங்கே என்னோடு தொழிற்பள்ளியில் பாடம் நடத்துகிற அதே வால்டர்தான், சனிக்கிழமைதோறும் தன் மோட்டார் காடியில் செமிலிங் வழியாகப் போகிறவன். அதனால் நலம் விசாரிப்பதை விட்டுவிட்டு நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

ரோசம்மா அக்கா கல்யாணக் கேசட் கிடைத்துவிட்டது. 1973-இல் நம் தோட்டத்து ஆபீஸ் கணக்கர் சின்னையா கிராணி தன் புது ரேடியோவை மடியில் வைத்துக்கொண்டு கோயிலுக்குள் பதிவு செய்தாரே, அது. பாட்டு தொடங்குவதற்கு முன் நம் மணி ஒரே ஓர் அடி சுத்தமாகக் கேட்கிறது. இரண்டாவது அடியில் ஒரு பிள்ளை அழுகிறது, மூன்றாவதிலிருந்து மேளம். ஆனால் அந்த முதல் அடி மட்டும் ஆறு வினாடி முழுதாக இருக்கிறது. விரிசல் விடுவதற்கு முந்தைய மணி, அக்கா. கேட்டதும் எனக்கு என்னவோ போலாகிவிட்டது.

என்னிடம் இப்போது சொந்தமாக ஒரு கம்ப்யூட்டர் இருக்கிறது. அந்த ஓர் அடியை எண்களாக மாற்றி அதற்குள் வைத்துவிட்டால் எத்தனை தடவை வேண்டுமானாலும் அடிக்கலாம். காலை ஆறு, மதியம் பன்னிரண்டு, மாலை ஆறு என்று மூவேளைச் செபத்துக்கு அதுவே அடிக்கும். இன்னும் எத்தனை காலத்துக்கு அந்தத் தண்டவாளத் துண்டைத் தட்டிக்கொண்டிருப்பீர்கள்?

எனக்கு இரண்டு ஆசை. ஒன்று, இந்த ஈஸ்டர் பூசையில் ‘உன்னதங்களிலே’ பாடும்போது நம் மணி ஒலிக்க வேண்டும். இரண்டு, அதை அடிப்பது அந்தக் காலத்தில் நம் மணியை அடித்த முனியாண்டி அண்ணனாக இருக்க வேண்டும். அவர் வாட்ச்மேன் வேலையிலிருந்து ஓய்வு பெற்று, ஈஸ்டருக்கு மறுநாள் கூலிமில் இருக்கும் மகள் வீட்டுக்கே போய்விடுகிறார் என்று கேள்விப்பட்டேன். போனால் திரும்ப வரமாட்டார். அதற்குள் ஒரு தடவையாவது அவர் கையால் நம் மணி அடிக்கட்டும்.

மறுக்காதே.

உன் தம்பி,
சில்வெஸ்டர்

·

புக்கிட் செராய் தோட்டம்,
செமிலிங்,
17.1.1989

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு உன் அத்தான் விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கேசட்டில் மணி இருக்கிறது என்றால் கேசட்டைப் போட வேண்டியதுதானே? கோயிலில் நல்ல ரேடியோ இருக்கிறது, ஒலிபெருக்கி இருக்கிறது. அதற்கு எதற்கு ஒரு கம்ப்யூட்டர்? மூக்கைத் தொடச் சொன்னால் தலையைச் சுற்றித் தொடுகிறாய். சின்ன வயதிலிருந்தே உனக்கு இந்தப் புத்தி.

சரி, அது உன் பைத்தியம். முனியாண்டி அண்ணன் விஷயத்துக்கு வருகிறேன். உனக்கு மறந்துபோயிருக்கலாம், எனக்கு மறக்கவில்லை. 1974 பாஸ்கா சனிக்கிழமை, பூசை நடக்கும்போது, மணி ‘டப்’ என்று ஒரு மாதிரி சத்தம் போட்டது. நான்தான் முதலில் வெளியே ஓடினேன். அந்த மனுஷர் கையில் சுத்தியலோடு மணிக்கம்பத்தின் அடியில் நின்றுகொண்டிருந்தார். விடியற்காலையில் வேலைக்கு ஆள் கூப்பிடப் பெரட்டு மணி அடிக்கிற அதே இரும்புச் சுத்தியல். கோயில் மணியைக் கயிற்றால் அடிப்பதா, சுத்தியலால் அடிப்பதா? ‘மாரியம்மன் கோயில்காரன் கையில மணிய குடுத்தா இப்படித்தான்’ என்று அன்று கோயில் கமிட்டி ராமையா பேசியதெல்லாம் தப்பு, ஒத்துக்கொள்கிறேன். நான் அப்படிப் பேசவில்லை. பார்த்ததைச் சொன்னேன், அவ்வளவுதான். அவரும் இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லவில்லையே! அன்றோடு சாமியார் அவரை மணி வேலையிலிருந்து நிறுத்தினார். அவரும் அதற்குப் பிறகு கோயில் வாசலை மிதிக்கவில்லை. இப்போது போய் அவரைக் கூப்பிட்டு உட்காரவைத்தால் ஊர் என்னைக் கேட்காதா?

இன்னொன்று. பதினைந்து வருஷமாக நீ ஓர் ஈஸ்டருக்குக்கூட வீட்டுக்கு வந்ததில்லை. கிறிஸ்மஸுக்கு வருகிறாய், பக்கத்து வீட்டுத் தீபாவளிக்குக்கூட வருகிறாய். ஈஸ்டர் என்றால் மட்டும் பரீட்சை, காய்ச்சல், வேலை. மணி வருமாம், இவன் வரமாட்டானாம்.

அகத்தா அக்கா

·

ஜித்ரா,
29.1.1989

அக்கா,

கேசட்டைப் போடு என்கிறாயே, அதில் ஓர் அடிதான் நன்றாக இருக்கிறது என்று நான் எழுதியதைப் படித்தாயா இல்லையா? ஒரு மூவேளைச் செபத்துக்கு மும்மூன்றாக ஒன்பது, கடைசியில் ஒன்பது, ஆக மொத்தம் பதினெட்டு அடி. பதினெட்டுத் தடவை நாடாவைச் சுற்றிச் சுற்றி வைப்பாயா? அதுவும் பதினாறு வருஷத்து நாடா. ஓட்ட ஓட்டத் தேய்கிறது. எண்ணாக மாற்றிவிட்டால் தேயவே தேயாது, நூறாவது அடியும் முதல் அடி போலவே கேட்கும்.

நான் என்ன பாடுபடுகிறேன் என்று உனக்குத் தெரியாது. கம்ப்யூட்டருக்குள்ளேயே ஒரு குட்டி ஸ்பீக்கர் இருக்கிறது, பீப் பீப் என்று கத்துவதற்குத்தான் அது லாயக்கு. அதில் நம் மணியை விட்டேன். பால் டின்னைக் கரண்டியால் தட்டியது போல் வந்தது. பக்கத்து வீட்டு மலாய்க்கார மக்சிக் ஜன்னலைத் திறந்து, ‘அப்பா பூஞி இத்து, சிக்கு?’ என்று கேட்டார். என்ன சத்தம் அது என்று கேட்டால் வாத்தியார் நான் என்ன பதில் சொல்வேன்? மாதாகோயில் மணி என்றா?

அதனால் பிரிண்டர் மாட்டுகிற இடத்திலிருந்து எட்டுக் கம்பி இழுத்தேன். ஒவ்வொரு கம்பியும் முந்தினதில் சரிபாதி பலத்தோடு பேச வேண்டும், அதற்கு ரெசிஸ்டர்கள் கட்ட வேண்டும். ஒன்று கொஞ்சம் பிசகினாலும் மணி கரகரக்கும். கடையில் ஒரே அளவு என்று கொடுத்த இருநூறு ரெசிஸ்டரை ஒவ்வொன்றாக மீட்டரில் அளந்து பார்த்தேன். ஒன்றோடொன்று ஒத்துப்போனவை இருபத்தைந்துதான் தேறின. இரண்டு ஞாயிற்றுக்கிழமை அதிலேயே போயிற்று.

அப்படியும் மணிக்குள் ஒரு கிரிச் கிரிச். மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்ட பிறகு தெரிந்தது. இந்த மெஷின் ஒரு வினாடிக்குப் பதினெட்டுத் தடவை கையிலிருக்கும் வேலையை விட்டுவிட்டுத் தன் கடிகாரத்தைப் பார்த்துக்கொள்கிறது. வேலைநேரத்தில் கடிகாரத்தையே பார்க்கிற கூலியாள் மாதிரி! பார்க்கிற ஒவ்வொரு தடவையும் மணியில் ஒரு கீறல் விழுகிறது. ஆகவே மணி ஒலிக்கிற ஆறு வினாடியும் கடிகாரத்தைப் பார்க்காதே என்று கட்டிப்போட்டுவிட்டேன். இப்போது சுத்தம். ஒரே குறை, அந்த ஆறு வினாடியும் அதன் கடிகாரத்தில் சேராது.

வரும் சனிக்கிழமை வால்டர் எல்லாவற்றையும் கொண்டுவருவான். மாட்டியும் கொடுப்பான். கோயிலின் பழைய புனல் ஸ்பீக்கரில் போடாதே, நான் அனுப்புகிற மரப்பெட்டி ஸ்பீக்கரில் மட்டும் போடு.

முனியாண்டி அண்ணனைப் பற்றி இப்போது வாதாட எனக்குத் தெம்பில்லை. அவர் காதுக்கு அது நம் மணியாகக் கேட்க வேண்டும், அதற்காகத்தான் இத்தனையும். நீ பார்த்தது பார்த்ததுதான். பார்க்காதது என்று ஒன்றும் உண்டு.

சில்வெஸ்டர்

·

புக்கிட் செராய்,
14.2.1989

தம்பிக்கு,

உன் பெட்டிகள் வந்து இறங்கின. வால்டர் நல்ல பிள்ளை, பூசை உடுப்பு வைக்கிற சக்கிறீஸ்தில் மேசை போட்டு மாட்டிக் கொடுத்துவிட்டு, ‘ஒண்ணும் இல்லக்கா, ரொம்ப சுலபம் லா’ என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். சுலபமாம்!

முதல் நாள் ஆம்ப்ளிஃபயரைப் போட்டதும் தேனீக்கூடு மாதிரி ஓர் இரைச்சல். செபமாலை சொல்லி முடிகிறவரை உம்ம்ம் என்றே இருந்தது. அதைப் பொறுத்துக்கொண்டேன்.

போன சனிக்கிழமை அணைத்துப் போட்டதும் அது என்னிடம் தேதி கேட்டது. 11-2-89 என்று அடித்தேன். வாங்கிக்கொண்டது. அதன்படி நவம்பர் இரண்டாம் தேதி, கல்லறைத் திருநாள்! 13-2-89 என்று அடித்தால் தப்பு என்று திட்டுகிறது. மாதத்தை முன்னால் போட வேண்டுமாம், வால்டர் ஒரு வார்த்தை சொன்னானா? தினமும் காலையில் ஒரு மெஷினிடம் திட்டு வாங்கிக்கொண்டு செபம் சொல்ல என்னால் முடியாது. கேள்வி கேட்காமல் அடிக்கிற மாதிரி செய்து கொடு.

இப்போது பெரிய விஷயம். மணி அடிக்கிறது, நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒவ்வோர் அடியும் முடிகிற இடத்தில் ‘க்கும்’ என்று ஓர் இருமல் கேட்கிறது. முதலில் யாரோ பின்னால் உட்கார்ந்து இருமுகிறார்கள் என்று நினைத்தேன். பதினெட்டு அடிக்கும் பதினெட்டு இருமல். ரோசம்மாதான் கண்டுபிடித்தாள். ‘ஐயோ சேசுவே, அது நம்ம சின்னையா கிராணிடி!’ என்று முழங்கால் போட்டுவிட்டாள். அந்த மனுஷர் செத்து ஆறு வருஷம் ஆகிறது. ஒரு நாளைக்கு மூன்று வேளை அவரை இருமவைக்கிறாயே, உனக்கு நன்றாக இருக்கிறதா? கிராணி வீட்டம்மா நேற்று அவருக்கு ஒரு பூசை ஒப்புக்கொடுக்கச் சொல்லிப் பெயர் கொடுத்துவிட்டுப் போனார்.

அணைக்காமல் விட்ட முதல் வாரத்தில் மூன்றே நாளில் மதியமணி பன்னிரண்டே காலுக்குப் போயிற்று. ஒரு நாளைக்கு ஐந்து நிமிடம் பிந்துகிறது.

இன்று காலையிலிருந்து அதுவும் இல்லை. மெஷினுக்குள் செருகுகிற அந்தக் கறுப்புத் தட்டைப் பத்திரமாக வைக்க வால்டர் சொன்னான் என்று ஒவ்வொரு சாயங்காலமும் எடுத்து ஸ்பீக்கர் பெட்டி மேல், மாதா படத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். இப்போது மெஷின் அதைப் படிக்கவே மாட்டேன் என்கிறது.

முனியாண்டி அண்ணனைக் கூப்பிடும் பேச்சு வேண்டாம்.

அகத்தா

·

ஜித்ரா,
22.2.1989

அக்கா,

ஸ்பீக்கர் மேலேயா வைத்தாய்? அதற்குள் என் முட்டியளவு காந்தம் இருக்கிறது! காந்தத்தின் மேல் வைத்தால் தட்டில் உள்ளதெல்லாம் அழிந்துபோகாதா? மாதா பக்கத்தில் வைத்தால் மாதா காப்பாற்றுவாள் என்று நினைத்தாயா? உன்னைச் சொல்லிக் குற்றமில்லை, காந்தம் பக்கம் வைக்காதே என்று நான் எழுதவில்லை. உலகத்தில் யாரும் அங்கே வைக்கமாட்டார்கள் என்று நினைத்துவிட்டேன்.

வேறு தட்டு அனுப்புகிறேன். மூன்று பிரதி. இதை மெஷினிலிருந்து எடுக்கவே வேண்டாம், மெஷினை அணைக்கவும் வேண்டாம். இரைச்சலுக்கு வழி: கம்ப்யூட்டரையும் ஆம்ப்ளிஃபயரையும் ஒரே சுவர் பிளக்கிலிருந்து எடு. வெவ்வேறு பிளக்கில் மாட்டினால் அது அப்படித்தான் பாடும்.

கிராணியின் இருமலை வெட்டிவிட்டேன். வெட்டினால் மணியின் வாலும் சேர்ந்து வெட்டுப்பட்டது, கதவைச் சாத்தின மாதிரி டக்கென்று நின்றது. ஒரு வாரம் உட்கார்ந்து, இருமலுக்கு முந்தைய கால் வினாடியை எடுத்து, மெல்ல மெல்லக் குறைத்து ஒட்டி வால் கட்டியிருக்கிறேன். அவர் ஆத்துமா சாந்தியடையட்டும், எனக்கு அவர் செய்த உபத்திரவம் போதும்.

பிந்தும் கடிகாரத்தையும் சரிசெய்துவிட்டேன். மூவேளைச் செபம் அடித்து முடித்ததும் இழந்த வினாடிகளைத் தானே சேர்த்துக்கொள்ளும். நீ கையால் தட்டி அடித்தால் மட்டும் சேர்க்காது, அதைப் பிறகு பார்க்கலாம். கையால் அடிக்க, கீபோர்டில் கீழே இருக்கும் நீளக் கட்டையைத் தட்டினால் ஒரு தட்டுக்கு ஓர் அடி.

பெரிய வியாழன் பூசை முதல் உயிர்ப்புப் பூசை வரை மணி அடிக்கக்கூடாது என்பது உனக்கு நான் சொல்லியா தெரிய வேண்டும். அந்த மூன்று நாளும் தானாகவே வாயை மூடிக்கொள்ளும்படி தேதி போட்டு எழுதியிருக்கிறேன். நீ எதையும் தொட வேண்டாம்.

உனக்குப் பிடிக்கவில்லை என்பதால் தேதி கேட்பதை எடுத்துவிட்டேன். ஆனால் ஒன்று, இதைச் சுவரில் எழுதி ஒட்டு: கரண்ட் போய் வந்தால், நீயாகவே தேதியையும் நேரத்தையும் கொடுக்க வேண்டும். இதற்குள் பேட்டரி வைத்த கடிகாரம் கிடையாது. கரண்ட் போய் வந்தால் இதற்கு அது 1980 சனவரி முதல் தேதி, நடுராத்திரி பன்னிரண்டு மணி.

முனியாண்டி அண்ணனைக் கூப்பிடு. கெஞ்சிக் கேட்கிறேன்.

சில்வெஸ்டர்

·

புக்கிட் செராய்,
9.3.1989

தம்பிக்கு,

சொல்ல மனம் வரவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். நன்றாக இருக்கிறது. இரைச்சல் இல்லை, கிராணி இல்லை. முதல் நாள் சாயங்காலம் ஆறு மணிக்கு அடித்தபோது லயத்தில் குழாயடியில் இருந்த பெண்கள் குடத்தை இறக்கிவைத்துவிட்டுச் சிலுவை போட்டார்களாம். ‘நம்ம மணிய பத்த வச்சி ஒட்டிட்டாங்களா?’ என்று ராமையா கம்பத்தைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். அங்கே பழைய மணி விரிசலோடு அப்படியேதான் தொங்குகிறது.

உன் முனியாண்டி அண்ணனும் கேட்டார். வேலை முடிந்து சைக்கிளில் போய்க்கொண்டிருந்தவர் நடுரோட்டில் காலை ஊன்றி நின்றுவிட்டார். பதினெட்டு அடியும் முடிகிறவரை நின்றார். பின்னால் லாரிக்காரன் ஹாரன் அடிக்கிறான், மனுஷர் நகரவில்லை. பிறகு சைக்கிளை மிதித்துப் போய்விட்டார். எனக்குப் பார்க்கவே எரிச்சலாக இருந்தது. உடைக்கிறபோது இல்லாத பாசம் இப்போது எங்கிருந்து வந்தது?

ஈஸ்டருக்கு நானே அடிக்கிறேன். ஏன் அவரைக் கூப்பிட வேண்டும் என்று ஒரு காரணம் சொல். அதைச் சொல்லாமல் கூப்பிடு கூப்பிடு என்றால் எப்படி? ஒரு காரணம், ஒரே ஒரு காரணம் சொல்லு, யோசிக்கிறேன்.

அகத்தா

·

ஜித்ரா,
18.3.1989

அக்கா,

காரணம் கேட்டாய். நாலு தடவை எழுதிக் கிழித்துப் போட்டுவிட்டு ஐந்தாவதாக இதை எழுதுகிறேன்.

மணியை உடைத்தது நான்.

அந்த வருஷம் நான்தான் பூசைப் பையன், உனக்கு நினைவிருக்கும். பெரிய வியாழன் பூசை முடிந்ததும் காற்றில்கூட மணி அடித்துவிடக்கூடாது என்று, மணிக்குள் தொங்கும் நாக்கை மணியோடு சேர்த்துக் கயிற்றால் கட்டினேன். யாரும் சொல்லவில்லை, நானே பெரிய மனுஷனாகிச் செய்தேன். வெள்ளிக்கிழமை மழையில் கயிறு ஊறி முடிச்சு இறுகிவிட்டது.

சனிக்கிழமை சாமியார் ‘உன்னதங்களிலே’ தொடங்கியதும், அண்ணனுக்கு முன்னால் நான் அடித்துவிட வேண்டும் என்று பக்கவாசல் வழியாக ஓடினேன். கயிற்றை இழுத்தால் வரவில்லை. முடிச்சு அவிழவில்லை. உள்ளே எல்லோரும் பாடுகிறார்கள், மணி இல்லாமல். கம்பத்தில் அவருடைய சுத்தியல் சாய்த்துவைத்திருந்தது. எடுத்து அடித்தேன். மூன்றாவது அடியில் அந்தச் சத்தம் வந்தது.

அவர் ஓடிவந்து என் கையிலிருந்து சுத்தியலைப் பிடுங்கினார். மணியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ‘போ, உள்ள போயி பாடு’ என்றார். அவ்வளவுதான் சொன்னார். நான் ஒரு கதவு வழியாக உள்ளே போனேன், நீ இன்னொரு கதவு வழியாக வெளியே வந்தாய். நீ பார்த்தது அதற்குப் பிறகு இருந்ததை.

அவரைத் திட்டும்போது நான் அங்கேதான் நின்றேன், அக்கா. வெள்ளை அங்கியோடு. ராமையா பேசியதெல்லாம் கேட்டது. நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். நாளைக்கு, நாளைக்கு என்று பதினைந்து வருஷம் போய்விட்டது. ஈஸ்டருக்கு ஏன் வருவதில்லை என்று கேட்டாயே, அந்தப் பாட்டை அந்தக் கோயிலுக்குள் நின்று என்னால் கேட்க முடியாது.

அவர் திங்கட்கிழமை போய்விட்டால், செய்யாத குற்றத்தைச் சுமந்துகொண்டு போவார். ஊரில் யாருக்கும் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை, அதனால்தான் மணியைச் செய்தேன். சத்தம் சரியாக இருந்தால் மற்றதெல்லாம் சரியாகிவிடும் என்று ஒரு முட்டாள்தனமான நம்பிக்கை. நீ என்னைத் திட்டு, ஆனால் அவரைக் கூப்பிட்டுவிடு.

சில்வெஸ்டர்

·

புக்கிட் செராய்,
27.3.1989, திங்கள்

சில்வெஸ்டர்,

உன் கடிதம் பெரிய வியாழக்கிழமை கிடைத்தது. படித்துவிட்டு அடுப்பில் சோறு கருகுகிறவரை உட்கார்ந்திருந்தேன். உன்மேல் வந்த கோபத்தை இங்கே எழுதினால் தாள் போதாது. என்மேல் வந்ததை எழுதவே முடியாது. ‘இந்தக் கண்ணால் பார்த்தேன்’ என்று எத்தனை வீட்டில் சொல்லியிருக்கிறேன்! எனக்கு அவர் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லை. உன் அத்தானை அனுப்பி, ஞாயிற்றுக்கிழமை வந்து மணி அடிக்கச் சொல்லிக் கூப்பிட்டேன். காரணம் சொல்லவில்லை. தம்பிக்கு ஏற்ற அக்கா.

வியாழன் இரவு பெய்த மழையில் கரண்ட் போய்விட்டது. மறுநாள் காலை ஒன்பது மணிக்குத்தான் வந்தது. கரண்ட் வந்தால் தேதியைக் கொடு என்று நீ எழுதியதை நான் சுவரில் ஒட்டிவைத்திருந்தேன். அதைப் பார்க்கிற நிலையிலா நான் இருந்தேன்? ஒன்பது மணியை அது நடுராத்திரி பன்னிரண்டு என்று எடுத்துக்கொண்டது. புத்தாண்டாம் அதற்கு.

பெரிய வெள்ளி மூன்று மணி. ஆண்டவர் உயிர்விட்ட வாசகம் படித்து எல்லோரும் முழங்கால் போட்டோம். மூச்சு விடுகிற சத்தம்கூட இல்லை. அந்த நேரத்தில் உன் மெஷினுக்கு விடியற்காலை ஆறு மணி ஆயிற்று.

மணி அடித்தது. என்ன சுத்தமாக அடித்தது தெரியுமா, பாவி! ஓர் இரைச்சல் இல்லை, கீறல் இல்லை. மூன்றாவது அடிக்குள் கோயிலே எழுந்துவிட்டது. பெரிய வெள்ளிக்கிழமை மணி! ரோசம்மா தலையில் அடித்துக்கொண்டாள். ராமையா பக்கவாசலைத் திறந்தார். அங்கே சக்கிறீஸ்துக் கதவுக்குப் பக்கத்தில், வாய்க்கால் திண்டில் முனியாண்டி அண்ணன் உட்கார்ந்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை எந்தக் கட்டையைத் தட்ட வேண்டும் என்று முன்கூட்டியே பார்த்துவைக்க வந்தவர், செபம் முடியட்டும் என்று வெளியே காத்திருந்திருக்கிறார்.

‘இந்த ஆளு வேலைதான்! அன்னைக்கு ஒடச்சான், இன்னைக்குப் பெரிய வெள்ளிய கெடுத்துட்டான்!’ என்று ராமையா கத்தினார். நாலு பேர் எழுந்து வாசலுக்குப் போனார்கள். அவர் எழுந்து நின்றார். அன்று போலவே, இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

எனக்கு எப்படி அந்தக் குரல் வந்தது என்று தெரியவில்லை. ‘அவர தொடாதீங்க!’ என்று கத்தினேன். ‘இப்ப அடிக்கிறது என் தம்பி மெஷினு. அன்னைக்கு ஒடச்சதும் என் தம்பிதான். சில்வெஸ்டர்தான். சுத்தியல அவன் கையிலேருந்து பிடுங்கத்தான் இவரு ஓடி வந்தாரு. பாத்தேன் பாத்தேன்னு ஊரெல்லாம் சொன்னவ நான். ஒண்ணும் பாக்காம சொன்னேன்.’ நான் பேசப் பேச நடுவில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் ரோசம்மாதான் ஓடிப்போய் பிளக்கைப் பிடுங்கினாள். ராமையா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அவர் என்ன செய்தார் என்று கேட்பாய். கும்பிட்டு அழுதார், மன்னித்தார் என்றெல்லாம் நினைக்காதே. என்னைப் பார்த்து, ‘நான் போறதுக்கு மூணு நாள் இருக்கறப்பதான் ஒங்களுக்கு வாய் வருதா?’ என்று கேட்டுவிட்டுச் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

சனிக்கிழமை நான் அவர் வீட்டுக்குப் போனேன். பெட்டியெல்லாம் கட்டிவைத்திருந்தார். மன்னிப்புக் கேட்டேன். அவர் பேசியது உன்னைப் பற்றித்தான். ‘சத்தம் நம்ம மணிதாம்மா. ஆனா ஒரு அடி ஓயறதுக்குள்ள அடுத்த அடி விழுது. ஓஞ்சு, ஒரு மூச்சு விட்டு, அப்புறம்தான் அடிக்கணும். அன்னைக்கும் அவனுக்கு அவசரம், இன்னைக்கும் அதே அவசரம்’ என்றார். நாளைக்கு வருவீர்களா என்று கேட்டேன். பெட்டிக் கயிற்றை இறுக்க ஆரம்பித்தார்.

திரும்பி வந்து மெஷினைப் போட்டு, தேதியும் நேரமும் கொடுத்துவைத்தேன். நேற்று வந்தார். வெள்ளைச் சட்டை, புதுச் செருப்பு. சாமியார் ‘உன்னதங்களிலே’ தொடங்கியதும் அந்த நீளக் கட்டையை ஒரு விரலால் தட்டினார். முதல் அடி முழுசாக ஓய்ந்தது. நாங்கள் எல்லோரும் பாட்டை விட்டுவிட்டுக் காத்திருந்தோம். அவர் ஒரு மூச்சு விட்டு அடுத்ததைத் தட்டினார். பாட்டு முடிந்த பிறகும் தட்டினார். சாமியார் கடிகாரத்தைப் பார்த்தார், ராமையா அவரைப் பார்த்து ‘விடுங்க சாமி’ என்று கையைக் காட்டினார். பூசை முடிந்து வெளியே எல்லோரும் இட்டலி சாப்பிடும்போது மறுபடி உள்ளே போய் உட்கார்ந்துகொண்டார். யாரும் போய் நிறுத்தவில்லை. தொண்ணூறு வரை எண்ணினேன், அப்புறம் எனக்குக் கண் மறைத்துவிட்டது.

கூலிம் பயணத்தை அவர் அடுத்த ஞாயிறுக்குத் தள்ளிவைத்துவிட்டார். ஏன் என்று நான் கேட்கவில்லை.

கையால் தட்டினால் கடிகாரம் பிந்தும் என்று எழுதியிருந்தாய். சரிதான், மெஷினின் நேரம் ஒன்பது நிமிடம் பின்னால் ஓடுகிறது. நான் அதைத் தொடவில்லை. யாரையும் தொடவும் விடமாட்டேன். சனிக்கிழமைக்குள் நீ வந்து சரிசெய்.

அக்கா